திருப்பி அழைக்கப்படாதவர்களின் சொல்: விலக்கப்பட்டோரை அயற்கோளுக்கு அனுப்பும் கதைகள் பற்றி

நெடும்பயணி (இழையைத் தொடங்கியவர்)

கைதிகள், கடனாளிகள், குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள் என்று சமூகம் வேண்டாமெனத் தள்ளியவர்களை, எவரும் காலடி வைக்காத ஒரு கோளுக்கு அனுப்பி, அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவைக்கும் கதைகள் அறிவியல் புனைவில் ஒரு தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றைத் தேடித் தேடிப் படிப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலான கதைகள் முதற்சில பக்கங்களிலேயே ஆட்களை இறக்கிவிட்டு, நச்சுக் காற்று, இருட்டில் ஊர்ந்து வரும் உயிரினம், ஒருவர் பின் ஒருவராகச் சாவு என்று ஓடத் தொடங்கிவிடுகின்றன. இவர்களை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்விக்கு, ‘செத்தால் கேட்பாரில்லை’ என்ற ஒற்றை வரியே விடையாகக் கிடைக்கிறது. அந்த வரி உண்மைதான். ஆனால் அதைச் சொன்ன கையோடு நகர்ந்துவிடுவதால் கதையின் உயிர்நாடியே கைநழுவிப் போகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு கோளை ஆராய ஆளை அனுப்புவது அங்கிருந்து தகவல் வேண்டும் என்பதற்காகத்தான். அனுப்புகிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த ஆளின் கண்ணும் காதும், இவற்றைக் காட்டிலும் முக்கியமாக, பார்த்ததை எடைபோடும் அறிவும். எவருடைய சாட்சியத்தை நீதிமன்றத்தில் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லையோ, அவர் அனுப்பும் அறிக்கையை நம்பித்தான் அடுத்த கலத்தில் தன் பிள்ளைகளை ஏற்றியனுப்ப வேண்டிய நிலைக்கு அந்தச் சமூகம் வந்து நிற்கிறது. உயிரைத் துச்சமாக மதித்தவர்கள் அதே மனிதரின் சொல்லை மட்டும் எப்படி உயர்வாக மதிப்பார்கள்? இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் கதையே இவ்வகையில் சிறந்த கதையாக இருக்க முடியும் என்பது என் துணிபு. இதை அறிவியல் நோக்கிலும் வரலாற்று நோக்கிலும் பேசக்கூடியவர்கள் இங்கே இருப்பதால் இழையைத் தொடங்குகிறேன்.

வான்கணக்கு

நான் எடைக் கணக்கிலிருந்து வருகிறேன். அனுப்பப்படுபவரின் உயிர் மலிவு என்பதால் பயணம் மலிவாகிவிடாது என்பதை இந்தக் கதைகள் பலவும் மறந்துவிடுகின்றன. ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார். அவர் பேராசிரியராக இருந்தாலும் ஆயுள் கைதியாக இருந்தாலும் அந்தத் தேவை மாறுவதில்லை. நீருக்கும் உணவுக்கும் இதே கணக்குதான். ஆகவே ‘விஞ்ஞானியை அனுப்பச் செலவு அதிகம், அதனால் கைதியை அனுப்பினோம்’ என்று கதையில் ஓர் அதிகாரி சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்றே வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் ஆபத்தான இடம் என்றால் எந்திரமே போதும். 1982இல் வெள்ளிக் கோளில் இறங்கிய ஆளில்லாச் சோவியத் கலமான வெனெரா 13, சுமார் 457 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் பூமியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு காற்றழுத்தத்திலும் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்துப் படங்களை அனுப்பியது. அந்த வேலைக்கு எந்தக் கைதியும் தேவைப்படவில்லை. மனிதர் தேவைப்படுவது, எதைத் தேட வேண்டும் என்பதே முன்கூட்டித் தெரியாத இடத்துக்கு. செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகிறது. சூரியனை அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், அங்கே 2016இல் கண்டறியப்பட்ட கோளிலிருந்து ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் விடை வந்துசேர எட்டரை ஆண்டுகள் ஆகும். அவ்வளவு தொலைவில் கட்டளைக்குக் காத்திருக்க முடியாது. அங்கேயே நின்று முடிவெடுக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். தானே முடிவெடுக்கும் எந்திரம் ஏன் போதவில்லை என்பதைக் கதையாசிரியர்தான் நமக்கு ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும்.

அப்படியானால் விலக்கப்பட்டவர்களை அனுப்புவதில் உண்மையாகவே மிச்சமாவது என்ன? திரும்பும் பயணம் மட்டுமே. இறங்கிய கோளின் ஈர்ப்பை மீறி மேலெழும்ப ஒரு ராக்கெட், அதற்கான எரிபொருள், அந்த எரிபொருளை அவ்வளவு தூரம் சுமந்துசெல்ல இன்னும் எரிபொருள் என்று பெருகிக்கொண்டே போகும் எடை முழுவதும், ‘இவர்களைத் திருப்பி அழைக்க வேண்டியதில்லை’ என்ற ஒரு முடிவால் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. பாதுகாப்பு வரம்புகளும் கூடவே நீங்குகின்றன. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் எடுத்த அளவீடுகளின்படி, போய்வரும் பயணத்தில் மட்டும் ஒருவர் மேல் படும் கதிர்வீச்சு சுமார் 660 மில்லிசீவர்ட். நாசா தன் வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்குமாக வைத்திருக்கும் வரம்பு 600. திரும்பி வந்து நெடுநாள் வாழவேண்டியவர் என்று கருதப்படுபவருக்கே அப்படியொரு வரம்பு வைக்கப்படும்.

மாஸ்கோ தெருக்களில் திரிந்த லைகா என்ற நாயை 1957 நவம்பர் 3 அன்று விண்கலத்தில் ஏற்றியனுப்பியபோது அந்தக் கலத்தைத் திருப்பிக் கொண்டுவரும் திட்டமே இருக்கவில்லை. சில மணி நேரத்திலேயே அது வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. தெருநாய்கள் குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பது அவற்றைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் கதைகளில் கைதிகளைப் பற்றியும் இதே காரணத்தைத்தான் அதிகாரிகள் சொல்கிறார்கள்.

கடலோடி

வான்கணக்கு அவர்கள் சொன்ன ‘திருப்பி அழைக்க வேண்டியதில்லை’ என்பதை வரலாறு வரிக்கு வரி உறுதிசெய்கிறது. போர்த்துகீசியக் கடற்பயணங்களில் தண்டனை பெற்றவர்கள் சிலரை இதற்கென்றே கப்பலில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இருந்தது. கரையில் இருப்பவர்கள் வரவேற்பார்களா வெட்டுவார்களா என்று தெரியாத இடத்தில் முதலில் இறக்கப்படுபவர்கள் அவர்கள்தான். 1498 மே மாதம் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக்கு அப்பால் நங்கூரமிட்டபோது கரைக்கு அனுப்பப்பட்ட முதல் ஆள் தளபதி அல்லர். தண்டனை பெற்ற ஒருவர். கரையிலிருந்தவர்கள் அவரை, ஐரோப்பிய மொழி பேசத் தெரிந்த துனிஸ் நாட்டு வணிகர்கள் இருவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்கள் வசைச்சொல்லோடு, இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டதாக அந்தப் பயணத்தின் குறிப்பேடு பதிந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த முதல் கப்பற்படையின் சார்பில் பேசிய முதல் மனிதரின் பெயரைக்கூட அந்தக் குறிப்பேடு எழுதவில்லை. அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இருக்கிறது.

இரண்டாண்டு கழித்து, 1500இல், போர்த்துகீசியத் தளபதி கப்ரால் பிரேசில் கரையை அடைந்து புறப்பட்டபோது தண்டனை பெற்றவர்கள் இருவரை அங்கேயே விட்டுச் சென்றார். அந்த மக்களோடு வாழ்ந்து, மொழியையும் நாட்டையும் அறிந்து, பிறகு வரும் கப்பல்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி. கப்பல்கள் விலகியபோது அவர்கள் அழுதார்கள் என்றும், அந்நாட்டு மக்களே அவர்களைத் தேற்றினார்கள் என்றும் பயணத்தில் இருந்த ஒருவரின் குறிப்பு சொல்கிறது. கோள்களை வைத்து எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: அனுப்பியவர்கள் செய்யாத ஆறுதலை, யாரைக் கண்டு அஞ்சும்படி சொல்லப்பட்டதோ அவர்களே செய்கிறார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கொலம்பஸின் முதற்பயணத்தில் சென்றவர்கள் எல்லோரும் சிறைப்பறவைகள் என்று ஒரு கதை பரவலாக நம்பப்படுகிறது. பயணத்தில் சேரும் குற்றவாளிகளுக்குத் தண்டனை நிறுத்தம் என்று 1492இல் அரசாணை போடப்பட்டது உண்மை. ஆனால் சுமார் 90 பேரில் அந்தச் சலுகையைப் பெற்றுக்கொண்டு ஏறியவர்கள் நால்வர் மட்டுமே; ஒருவர் கொலைக் குற்றவாளி, மற்ற மூவர் அவரைச் சிறையிலிருந்து தப்புவிக்க முயன்ற நண்பர்கள். மற்றவர்கள் கைதேர்ந்த மாலுமிகள். கப்பலை ஓட்டத் தொழில் தெரிந்தவர் வேண்டும். முதலில் கரையிறங்கத்தான் இழக்கத் தயாரான ஆள் வேண்டும். கலத்தின் மொத்தக் குழுவையும் கைதிகளாக்கும் கதைகளைவிட, தொழில் தெரிந்தவர்கள் சுற்றுப்பாதையில் தங்கிக்கொண்டு கைதிகளை மட்டும் கீழே இறக்கும் கதையே எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது.

உறுதிமொழி

சட்டத் துறையில் இருப்பவன் என்பதால் ஒப்புதலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இவ்வகைக் கதைகளில் வழக்கமாக ஒரு காட்சி வரும்: சிறை அறை, மேசைமேல் ஒரு தாள், ‘கையெழுத்திட்டால் விடுதலை’. 1721இல் லண்டன் நியூகேட் சிறையில் மரண தண்டனைக் கைதிகள் ஆறு பேரிடம் இதே பேரம் பேசப்பட்டது. பெரியம்மைக் கொப்புளச் சீழைத் தோலில் கீறிச் செலுத்தும் தடுப்பு முறையைத் தம் உடலில் சோதிக்க ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்றார்கள். ஆறு பேரும் பிழைத்து விடுதலையானார்கள். ஆனால் அவர்களில் ஓர் இளம்பெண்ணை, நோய்த்தடுப்பு உண்மையாகவே வந்துவிட்டதா என்று உறுதிசெய்வதற்காக, பெரியம்மை பரவியிருந்த ஊருக்கு அனுப்பி நோயாளிகளுக்கு அருகில் இருக்கவைத்தார்கள். பேரத்தை எழுதியவர்கள் அதை நீட்டவும் செய்வார்கள். கோளில் இறங்கி ஓராண்டு கழித்து, ‘இன்னொரு பள்ளத்தாக்கையும் பார்த்துவிடுங்கள், பிறகு மன்னிப்பு’ என்று வரும் செய்தி எந்தக் கொடிய உயிரினத்துக்கும் குறையாத அச்சத்தைத் தரும்.

தூக்குக் கயிற்றின் நிழலில் கொடுக்கப்படும் ஒப்புதல் ஒப்புதலாகாது என்பதை உலகம் மெல்ல மெல்லத்தான் கற்றது. கைதிகளை ஆய்வுக்கு உட்படுத்துவது குறித்து அமெரிக்கா 1978இல் வகுத்த விதிகள், ஆய்வில் பங்கேற்றதை முன்விடுதலை முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது என்கின்றன. கட்டாய உழைப்பு குறித்த 1930ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை சிறை உழைப்புக்கு விலக்கு அளித்தாலும், கைதியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. ஆகவே ‘சுரங்க நிறுவனம் கைதிகளை வாங்கிக் கோளுக்கு அனுப்பியது’ என்று எழுதுகிறவர், அந்த உடன்படிக்கை எப்படிச் செத்தது என்பதையும் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும். அந்தப் பத்தியே தனிக்கதையாகும் அளவுக்குப் பொருள் உள்ளது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். விண்வெளிக்குச் செல்பவர்களை மனிதகுலத்தின் தூதர்களாகக் கருத வேண்டும் என்று அதன் 5ஆம் பிரிவு கூறுகிறது. நல்லவரை மட்டும், நன்னடத்தைச் சான்று உள்ளவரை மட்டும் என்று அதில் ஏதுமில்லை. பெயரில்லாமல் கோழிக்கோட்டுக் கரையில் நின்ற அந்த மனிதர் இன்று ஒரு கோளில் இறங்கினால், அவர் தூதர் என்று உரிமையோடு வாதிட இடமிருக்கிறது.

ஏழாம்நிலவு

நான் இப்போது எழுதிவரும் குறுநாவல் இதே கருவில் அமைந்தது என்பதால் உங்கள் அனைவரிடமும் ஒரு கேள்வி. என் கதையில் ஒன்பது பெண் கைதிகள் ஒரு கோளில் இறக்கப்படுகிறார்கள். கோள் குடியேறத் தக்கது என்று உறுதியானால் அவர்களுக்கு மன்னிப்பும் அங்கேயே நிலமும் கிடைக்கும். தகாதது என்றால் தண்டனை அப்படியே தொடரும். பாதிக் கதையைத் தாண்டியதும் சிக்கிக்கொண்டேன். அவர்கள் பொய் சொல்வார்கள் என்பது எந்த வாசகருக்கும் தெரிந்துவிடுகிறது. எனக்கோ அவர்களைப் பொய்யர்களாக்க மனம் வரவில்லை.

கடலோடி

ஏழாம்நிலவு அவர்களே, சிக்கல் உங்கள் பெண்களிடம் இல்லை, நீங்கள் எழுதியிருக்கும் பேரத்தில் இருக்கிறது. அதை மறைக்காமல் கதைக்குள் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். 1790இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற இரண்டாம் கப்பல்தொகுதியில், ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கப்பட்டது ஏற்றிய தலைக்கு. உயிரோடு இறக்கிய தலைக்கு அல்ல. ஏறிய ஆயிரம் பேரளவில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வழியிலேயே இறந்தனர். பிறகு உயிரோடு சேர்ப்பதைப் பொறுத்துப் பணம் என்று ஒப்பந்தம் மாறி, மருத்துவர் மேற்பார்வையும் வந்த பிறகு சாவு குறைந்தது. எதற்குக் கூலி கொடுக்கிறீர்களோ அதுதான் விளையும். உங்கள் கதையில் அதிகாரிகள் ‘கோள் நல்லது’ என்ற சொல்லுக்குக் கூலி கொடுக்கிறார்கள். அவர்கள் விலைக்கு வாங்குவது அந்தச் சொல்லை மட்டுமே.

சொல் நம்பப்பட்டதா என்ற கேள்விக்கு இரண்டு வாழ்க்கைகளை அருகருகே வைக்கலாம். 1857 எழுச்சிக்குப் பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்ட சிப்பாய் தூத்நாத் திவாரி 1858இல் தப்பி, அந்தமானியப் பழங்குடி மக்களிடம் அடைக்கலம் பெற்று, அவர்களோடு ஓராண்டளவு வாழ்ந்து, மணமும் செய்துகொண்டார். 1859இல் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கத் திட்டமிட்டபோது, திரும்பி வந்து ஆங்கிலேயரிடம் அதைச் சொல்லிவிட்டார். அவர் சொல் உடனே நம்பப்பட்டது, மன்னிப்பும் கிடைத்தது. மற்றவர் வில்லியம் பக்லி. 1803இல் ஆஸ்திரேலியத் தென்கரையில் ஒரு தண்டனைக் குடியேற்றத்திலிருந்து தப்பியவர், அப்பகுதிப் பழங்குடியினரான வாத்தாரொங் மக்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 1835இல் வெளியே வந்தார். மன்னிப்பு கிடைத்தது, மொழிபெயர்ப்பாளர் வேலையும் கிடைத்தது. ஆனால் இரு தரப்பும் அவரை ஐயத்தோடே பார்த்ததால், இரண்டே ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு டாஸ்மேனியாவுக்குப் போய்விட்டார். அந்த நிலப்பரப்பைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்த வெள்ளையர் அப்போது எவருமில்லை. தமக்கு வேண்டியதைச் சொன்னவரை நம்பினார்கள். முழுவதையும் அறிந்தவரை நம்பவில்லை.

மறுகரை

இந்த இழையில் ஒரு குறை தென்படுவதால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். அனுப்பப்பட்டவர்களின் துயரத்தைப் பேசும்போது, யாரிடம் அனுப்பப்பட்டார்களோ அவர்களை மறந்துவிடுகிறோம். திவாரியின் சொல்லால் அழிவு யாருக்கு வந்தது? சோறு போட்டுக் காத்தவர்களுக்கு. கோளில் உயிர்கள் இருக்குமானால், கைதியும் ஒரு படையெடுப்பின் முன்வரிசைதான். கட்டாயப்படுத்தி அனுப்பப்பட்டார் என்பதால் கீழே இருப்பவர்களுக்கு வரும் கேடு குறைந்துவிடாது. விலக்கப்பட்டவர் இன்னொருவரை விலக்கும் கருவியாக மாற்றப்படுகிறார். இதைத் தொடாத கதையை என்னால் முழுமையானது என்று ஏற்க முடியாது.

கைதிகளுக்கு எல்லாம் ஏதாவது ஒரு மறைந்திருக்கும் பேராற்றலைக் கொடுத்து, அதனால்தான் அவர்கள் மதிக்கத் தக்கவர்கள் என்று முடிக்கும் பழக்கத்தையும் எழுத்தாளர்கள் விட்டுவிட வேண்டும். திறமையே இல்லாத, அஞ்சி நடுங்குகிற ஒருவரின் உயிரும் அதே மதிப்புடையதுதான்.

நெடும்பயணி

மறுகரை அவர்களின் இரண்டாவது கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் பேராற்றல் வேறு, பட்டறிவு வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் தனிமைச் சிறையில் கிடந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கதவுக்கு அப்பால் யார் வருகிறார் என்பதைத் தரையில் உள்ளங்கையை வைத்தே அறியப் பழகியிருப்பார். கனத்த நடை எந்தக் காவலருடையது, சக்கர வண்டி எப்போது வரும், இரண்டு நடைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். அதே பெண் கோளில், இறங்குகலத்தின் தரைத்தட்டில் வழக்கம்போல் கையை வைத்துப் படுக்கிறார். இங்கே ஒரு நடை இருக்கிறது, சீரான இடைவெளியில் வருகிறது, நேற்றைவிட இன்று இடைவெளி குறைந்திருக்கிறது என்று உணர்கிறார். அதிர்வுமானி அதைப் பின்னணி இரைச்சல் என்று வடிகட்டிவிட்டது. அவர் அறிக்கையில் எழுதுகிறார்: ‘தரைக்கு அடியில் ஏதோ முறைவைத்து நடக்கிறது.’ இதில் மாயம் ஏதுமில்லை.

அந்த ஒரு வரி பூமிக்கு வந்து சேரும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது என்பேன். ஓர் அலுவலர் அதைப் படிக்கிறார். அருகில் அந்தப் பெண்ணின் குற்றப் பதிவேடு திறந்திருக்கிறது: பொய்ச் சாட்சி சொன்னதற்கும் தண்டனை பெற்றவர். கருவி எதையும் காட்டவில்லை. அடுத்த கலத்தில் ஏற இரண்டாயிரம் பேர் பதிவுசெய்துவிட்டார்கள். அந்தப் பெண்ணை நேரில் அழைத்துக் கேட்க வழியில்லை, ஏனென்றால் திரும்பும் எரிபொருளை மிச்சப்படுத்திவிட்டார்கள். வான்கணக்கு அவர்கள் காட்டிய சிக்கனம் இப்படித் திரும்பி வந்து அடிக்கிறது: உடலைத் திருப்பி அழைக்காத சமூகம், சொல்லைச் சரிபார்க்கும் வழியையும் சேர்த்தே இழந்துவிட்டது. கேள்வி கேட்டு விடை பெற எட்டரை ஆண்டுகள் ஆகும், கலமோ அடுத்த ஆண்டே புறப்படுகிறது.

மறுகரை அவர்களின் முதற்கருத்துக்கும் இங்கேயே இடமுண்டு. அடியில் நடப்பவை உயிர்கள் என்றால், அந்த வரியை அவர் எழுதியதே அவற்றைக் காட்டிக்கொடுத்ததாகலாம். எழுதாமல் விட்டால் இரண்டாயிரம் பேர் ஆபத்தில் இறங்குவார்கள். எழுதினால் படைக்கலத்தோடு இறங்குவார்கள். அவர் பொய்யரா இல்லையா என்பதைவிட இது கனமான கேள்வி.

ஏழாம்நிலவு

மிக்க நன்றி. மன்னிப்புப் பேரத்தை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளப் போகிறேன். ஒன்பது பேரில் எட்டுப் பேர் கோள் நல்லது என்ற அறிக்கையில் கையெழுத்திடுவார்கள், ஒருவர் மட்டும் தனக்குக் கிடைக்கவிருக்கும் நிலத்தையும் விடுதலையையும் இழந்து மாறான வரியை எழுதுவார். சொல்பவர் தன் நலனுக்கே எதிராகச் சொல்லும் சாட்சியத்தை அந்த அலுவலர் எப்படி எடைபோடுவார் என்பது என் இரண்டாம் பகுதி. உறுதிமொழி அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எட்டுப் பேரின் ஒருமித்த அறிக்கைக்கு எதிராக, பொய்ச் சாட்சிக்குத் தண்டனை பெற்ற ஒருவரின் தனிச்சொல்லை ஏற்பதற்கு, சான்றுச் சட்டத்தின் நோக்கில் அந்த அலுவலர் முன்வைக்கக்கூடிய வாதங்கள் எவை என்று விளக்கினால், விசாரணை அத்தியாயத்தை எழுதத் தொடங்கிவிடுவேன்.

உறுதிமொழி

முதல் வாதத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: தன் நலனுக்கு மாறாக ஒருவர் சொல்வதற்கு, நலன் கருதிச் சொல்வதைவிடக் கூடுதல் எடை உண்டு என்பது சான்றுச் சட்டங்களில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கொள்கை. இரண்டாவது, எட்டுப் பேரும் ஒரே பயனை எதிர்பார்ப்பவர்கள் என்பதால் அவர்களை எட்டுத் தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது; எண்ணிக்கையைவிடச் சாட்சியத்தின் தரமே முதன்மையானது. மூன்றாவது, முன்தண்டனை ஒருவரின் நம்பகத்தைக் குறைக்கலாமே தவிர, அவர் வாயை முழுவதுமாக அடைத்துவிடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன கேட்பார் என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன். அந்தப் பக்கமும் வலுவாக இருந்தால்தான் உங்கள் அலுவலருக்கு முடிவெடுப்பது கடினமாகும்.